படியாமல் பழிப்பதோ?

சில மாதங்களுக்கு முன்னர்த் தமிழாசிரியர் கூட்டமொன்றில் கலந்துகொண்டேன். இடைநிலைப்பள்ளிகளில் பயிலும் நம் மாணவருள் சிலர் குண்டர் கும்பல்களின் பிடியில் சிக்குவது பற்றி அங்கே நெடுநேரம் பேசப்பட்டது. கவலைக்குரிய செய்திதான், அதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பேச்சின் நடுவே அன்பர் ஒருவர் எழுந்து, கேட்டுக்கான காரணங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கிழிந்த காற்சட்டை, குத்திட்டு நிற்கும் தலைமுடி, கறுப்புச் சட்டை, காதில் வளையம், இவற்றோடு 'பங்க்' என்னும் கூச்சல் இசை. பள்ளிகளில் மாணவரின் பைகளையும், வேண்டுமாயின் உடலையும் சோதித்து, இத்தகைய அடையாளங்களைக் களையெடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தையும் முன்மொழிந்தார். பலர் கை தூக்கினர். நான் தூக்கவில்லை, எழுந்து மறுக்கவுமில்லை. அன்று வாய்மூடி இருந்ததற்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

தேநீர் வேளையில் அவரிடம், "ஐயா, பங்க் இசைக் குழுக்களில் எதனைத் தாங்கள் கேட்டிருக்கின்றீர்கள்?" என்று வினவினேன். "கேட்பானேன்? பார்த்தாலே தெரிகிறதே!" என்றார். அவர் நல்லவர், மாணவர்பால் உண்மையான பரிவு உடையவர். எனினும், அந்த ஒரு விடைதான் என் வழக்கிற்கு மூலம். பார்த்தாலே தெரிந்துவிடுமாயின் மொழியாசிரியருக்கு இவ்வுலகில் என்ன வேலை? எழுத்தைக் கூட்டிப் படித்துப் பொருள் கண்டபின் கருத்துரைக்கக் கற்பிப்பதன்றோ நம் தொழில்? அத்தொழிலை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத் தீர்ப்பெழுதப் புறப்பட்டால், படிக்கத் தெரியாதவனுக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

பங்க் இசையின் பிறப்பு நாம் எண்ணுவது போல் மாயமன்று. 1976ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் இலண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தன் முதற் பாடலை வெளியிட்டது. அக்காலத்து ராக் இசை பெருஞ்செல்வர் கைக்குப் போயிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒரு பாடல், மலை போல் கருவிகள், விளையாட்டரங்கு நிறையக் கூட்டம் என்றாகிவிட்டது. வேலையும் பணமும் அற்ற இளைஞனுக்கு அதில் இடமில்லை. அவன் இரண்டு நிமிடத்தில் முடியும் பாட்டைத் தானே கட்டினான்; கித்தாரில் மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தால் போதும் என்றான். அவ்விளைஞர்கள் இசைப் புலமையை இழிவுபடுத்தினர் என்று குறை கூறுவோர் உளர். ஓரளவு உண்மைதான், என் செவிக்கும் அவ்விசை இன்பம் பயப்பதில்லை. இதனை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

ஆனால், இசையோடு கூடவே பிறந்த மற்றொன்றைத்தான் நம்மவர் அறியவில்லை. அதே 1976இல் இலண்டனில் மார்க் பெர்ரி என்னும் வங்கி எழுத்தர் ஒருவர், தட்டச்சுப் பொறியும் தடித்த பேனாவும் கொண்டு ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். 'சினிஃபின் குளூ' என்பது அதன் பெயர். சில தாள்களை நகலெடுத்து ஓரத்தில் கம்பி அடித்தால் இதழ். ஓராண்டளவில் அதனை நிறுத்தியும் விட்டார். அதற்குள் அவ்விதழைப் பார்த்து ஊருக்கு ஊர் இளைஞர்கள் தத்தம் இதழ்களைத் தொடங்கிவிட்டனர். கேட்பவன் எழுதுபவனாக மாறினான். பங்க் இசை சென்ற நாடுகளிலெல்லாம் இச்சிற்றிதழ் மரபும் உடன் சென்றது. 1950இல் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பை நாம் இன்றும் பெருமையோடு பேசுகின்றோம். வாசகனாய் இருந்தவனை எழுத்தாளனாக்கியது என்பதன்றோ அதன் பெருமை? அதே பெருமை வேறு உடை அணிந்து வந்தால் நமக்கு அடையாளம் தெரியாமற் போவதேன்?

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். மலேசியப் பங்க் வரலாற்றைப் பேசுவோர் தலைநகரிலிருந்து தொடங்குவதில்லை. கிழக்குக் கரையின் திரெங்கானுவிலிருந்து தொடங்குவர். ஒலிநாடாக்கள் அஞ்சலில் வந்தன. ஒருவன் வாங்கிய நாடாவைப் பத்துப் பேர் பதிவு செய்துகொண்டனர். அயல்நாட்டு முகவரி ஒன்று கிடைத்தால் கடிதம் எழுதினர். அனுப்பிய தபால்தலையின்மேல் பசையைப் பூசி, முத்திரை மையைக் கழுவி, அதே தபால்தலையைத் திரும்பவும் பயன்படுத்தும் தந்திரம் உலகெங்கும் இவர்களிடையே வழங்கிற்று. அஞ்சல் துறைக்கு இழப்புத்தான். ஆயினும் பதினேழு வயதில் ஒருவன் மாதந்தோறும் இருபது கடிதங்கள் எழுதுகின்றான் என்றால், கட்டுரைப் பயிற்சிக்கு மாணவரை இழுத்து வரும் நாம் சற்றுப் பொறாமைப்படவும் இடமுண்டு.

இச்சூழலில் வளர்ந்தவருள் ஜோ கிட் என்னும் புனைபெயரால் அறியப்படும் கித்தார் கலைஞர் ஒருவர். 1991ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் உருவான 'கார்புரேட்டர் டங்' குழுவின் தூண் அவர். குழுவின் பெயரைத் தமிழாக்கினால் 'எரிகலப்பிச் சாணம்' என்று வரும். நம் கலைச்சொல்லாக்க அன்பர்கள் பொறுத்தருள்க. நாகரிக இயந்திரத்தின் உள்ளே கிடக்கும் சாணம் என்று நான் பொருள் கொள்கின்றேன். அவர்கள் வெறுமனே சிரிப்பதற்காக வைத்திருக்கவும் கூடும். 1994இல் ஒலிநாடாவாக வந்த அவர்தம் தொகுப்பின் பெயரோ 'நண்பர்களுக்கான பாடல்கள்' என்னும் பொருளுடையது. புகழுக்கோ பொருளுக்கோ அன்றி, அறிந்தோர் சிலருக்காகப் பாடுகின்றோம் என்று அட்டையிலேயே அறிவித்த குழு அது. உறுப்பினர் பலமுறை மாறினர். பாடல்களின் மொழி ஆங்கிலமும் மலாயுமாக இருந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் குழு கலையவில்லை. எத்தனை தமிழ் இலக்கிய வட்டங்களைப் பற்றி இவ்வாறு சொல்ல முடியும் என்று நானே எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை ஒரு கைக்குள் அடங்கிற்று.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகின்றேன். ஜோ கிட் கித்தார் வாசிப்பவர் மட்டுமல்லர், எழுதுபவர். 'ஏடிஸ்' என்று ஒரு சிற்றிதழ் நடத்தினார். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் பெயர் அது. சிறியது, கடிக்கும், தடுக்க முடியாது என்பதைக் காட்டிலும் பொருத்தமான பெயர் ஒரு சிற்றிதழுக்கு வாய்க்குமா? பின்னர் 1993இல் தொடங்கப்பட்ட 'த சன்' ஆங்கில நாளிதழில் அடித்தள இசையைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தார். சிற்றூரில் தனித்திருந்த இளைஞர் பலர், தம்மைப் போன்றோர் நாட்டில் வேறிடங்களிலும் உண்டு என்பதை அப்பத்தி வாயிலாகவே அறிந்துகொண்டனர். 'ரைஸ்குக்கர்' என்ற பெயரில் ஒரு கடையும் நடத்தி, தென்கிழக்காசியாவின் பழைய இசைப்பதிவுகளையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடித் திரட்டிக் காத்தார். நம் மலேசியத் தமிழிதழ்கள் எத்தனையின் முதல் இதழ் நம்மிடம் உள்ளது? கறையான் அரித்தவற்றை நாம் கணக்கெடுத்ததுண்டா? கூச்சல் போடுவோர் என்று நாம் இகழ்ந்தவர்கள் தம் குப்பையைக்கூடக் காத்துக்கொண்டனர். நாமோ மாணிக்கம் என்று மேடையில் முழங்கியவற்றைப் பழைய தாள்காரனிடம் எடைக்குப் போட்டோம்.

அக்காலத்தில் அச்சிடுவதென்பதும் எளிதன்று. 1984ஆம் ஆண்டின் அச்சகம், பதிப்புகள் சட்டத்தின்கீழ் இதழ் நடத்த உரிமம் வேண்டும். 2012இல் சட்டம் திருத்தப்படும் வரை அவ்வுரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இதனால் நம் தமிழிதழாளர் பட்ட பாட்டை இந்நூலைப் படிப்போர் நன்கறிவர். பங்க் இளைஞர்களோ எவரிடமும் உரிமம் கேட்கவில்லை. போட்டோஸ்டாட் கடையில் ஐம்பது படி எடுத்துக் கையோடு கைமாற்றினர். இதனைச் சட்டமீறல் என்று கண்டிப்போர் கண்டிக்கட்டும். எழுத வேண்டும் என்னும் வேட்கை, அதற்கான வழியைத் தானே தேடிக்கொண்டது என்றே நான் காண்கின்றேன்.

சரி, இவர்களை நாடு எவ்வாறு எதிர்கொண்டது? எப்போதும் தோற்றத்தைக் கொண்டுதான். 1992இல் தகவல் அமைச்சராக இருந்தவர், நீள்முடி வளர்த்த ராக் கலைஞர்களைத் தொலைக்காட்சியில் தோன்றவிடாது தடுத்தார். சேர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் ஆவியும் பலரறியத் தம் முடியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தவர் அமைச்சரே. அவர்கள் பங்க் குழுவினர் அல்லர்; நாடறிந்த புகழ்பெற்ற பாடகர்கள். அவர்களுக்கே அந்நிலை எனில், பெயரில்லாச் சிறுவனுக்கு என்ன காப்பு? 2001இல் கெடா மாநிலத்தில் 'கறுப்பு மெட்டல்' அச்சம் கிளம்பியபோது, இடைநிலைப்பள்ளி மாணவர்களின் ஆடை களையச் செய்து, உடலில் பச்சைக் குத்தலும் தழும்பும் உண்டா என்று பள்ளிகளில் தேடினர். ஆசிரியப் பெருமக்களே, அந்தக் காட்சியைச் சற்று மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். அறையில் ஒரு பதினைந்து வயதுச் சிறுவன்; எதிரே அவனுக்கு எழுத்தறிவித்தவர். கூட்டத்தில் அன்பர் முன்மொழிந்த தீர்மானம் புதியதன்று. அது ஒருமுறை நடந்து முடிந்தது.

அதோடு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு, பழைய கிள்ளான் சாலையில் இருந்த 'பால்ஸ் பிளேஸ்' என்னும் இசைக்கூடத்தில் நடந்த அடித்தள இசை நிகழ்ச்சிக்குள் காவல் துறையினர் நுழைந்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிடிக்கப்பட்டுச் சிறுநீர்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். மறுநாள் நாளேடுகளில் அது கறுப்பு மெட்டல் கூட்டமாகிவிட்டது. பங்க் வேறு, மெட்டல் வேறு, மெட்டலுள்ளும் கறுப்பு மெட்டல் வேறு என்பதை விளக்கிச் சொல்ல இளைஞர்கள் முயன்றனர், கேட்க ஆளில்லை. வெண்பாவுக்கும் விருத்தத்துக்கும் வேறுபாடு அறியாத ஒருவர் யாப்பைப் பற்றித் தீர்ப்புரைத்தால் நாம் எவ்வளவு கொதிப்போம்! 2015 ஆகஸ்டு 28ஆம் நாள், பெர்சே நான்காம் பேரணிக்கு முந்திய இரவு, அம்பாங்கில் இருந்த 'ரூமா அப்பி' என்னும் பங்க் இசைக்கூடமும் இவ்வாறே சுற்றி வளைக்கப்பட்டது. அயல்நாட்டார் உள்ளிட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அவ்விரவில் கைதாயினர். அரசியல் கிளர்ச்சி என்ற ஐயம் அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது. பத்தாண்டுக்கு முன் பேய் வழிபாடு, பின்னர் அரசுக் கவிழ்ப்பு! குற்றம் மாறிக்கொண்டே இருந்தது. மாறாதிருந்தது அவர்கள் அணிந்த சட்டை மட்டுமே.

அண்டை நாட்டிலும் இதே கதைதான். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் ஓர் இசை நிகழ்ச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்தம் தலையை மழித்து, ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டி, காவலர் பயிற்சிப் பள்ளியில் பத்து நாள் 'திருத்தி' அனுப்பினர். அப்படங்களை உலகமே பார்த்தது. மயிரை மழித்தால் மனம் மாறும் என்ற நம்பிக்கை எத்துணைப் பழமையானது!

இனி, என் எதிர்த்தரப்பாருக்கு நானே ஒரு கருவியைக் கையில் கொடுக்கின்றேன். இந்த அடித்தள இசை உலகில் எல்லாரும் நல்லவர் அல்லர். 'மலாய் பவர்' என்று கூறிக்கொண்டு இனமேலாண்மை பேசும் மொட்டைத்தலைக் குழுக்களும் நம் நாட்டில் தோன்றின. பிற இனத்தாரை, குறிப்பாகக் குடியேறி வந்த தொழிலாளரை, அவர்கள் வெறுத்துப் பேசினர். தமிழராகிய நமக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தி. ஆனால், கவனியுங்கள். அக்குழுக்களை எதிர்த்து இதழ்களில் எழுதியவரும் மேடை தர மறுத்தவரும் இதே பங்க் இளைஞர்களே. மொட்டைத்தலை மரபே 1960களின் இலண்டனில் வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் யமேக்காவிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் பிறந்தது. இனவெறியர் அதனைப் பின்னாளில் பற்றிக்கொண்டனர். ஆகவே இன்று எதிரெதிரே நிற்கும் இரு சாராரும் அணிவது ஒரே காலணி. மழிப்பது ஒரே தலை. ஒருவன் உன்னை வெறுப்பவன். மற்றவன் உனக்காக அடி வாங்குபவன். பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற அன்பரே, இவ்விருவரையும் எவ்வாறு பிரித்தறிவீர்? அவன் சட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அவன் பாட்டின் சொற்களைக் கேட்க வேண்டும். அவன் இதழைப் புரட்ட வேண்டும். வேறு வழியே இல்லை.

தமிழ்ப் பண்பாட்டிற்கு ஒவ்வாதது என்பார் சிலர். தோட்டத்தில் தப்படித்தவனையும் நம்மவரே முகஞ்சுளித்துத் தொலைவில் நிறுத்தினர் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு அப்பால் செல்கின்றேன். சொற்கள் கொச்சையானவை என்பார் வேறு சிலர். ஆம், பல இடங்களில் கொச்சைதான். பிழை மலிந்தும் இருக்கும். பிழை திருத்துவதற்குத்தானே நமக்குச் சம்பளம் தருகிறார்கள்!

இவ்வளவும் எழுதிய நான் ஏதோ தொடக்கத்திலிருந்தே தெளிந்தவன் என்று எவரும் கருதிவிட வேண்டா. 1996ஆம் ஆண்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில், பள்ளி நேரத்துக்குப் பின் நடைபெறும் தாய்மொழி வகுப்பில் நான் தமிழ் கற்பித்து வந்தேன். நான்காம் படிவ மாணவன் ஒருவன் பின்வரிசையில் அமர்ந்து எதையோ மறைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். போட்டோஸ்டாட் தாள்களைக் கம்பியடித்த ஒரு சிற்றிதழ். முகப்பில் மண்டையோடு, கோணல் எழுத்துகள். ஒரு நொடி தாமதிக்காமல் கடைசித் தாள்களைக் கிழித்தெறிந்தேன். எஞ்சியதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அவன் எதுவும் பேசவில்லை. அவ்வாண்டுத் தேர்வில் 'என் இலட்சியம்' என்னும் தலைப்பில் எட்டே வரி எழுதியிருந்தான். தேர்ச்சிக்குரிய புள்ளி கொடுக்க இயலவில்லை. அதன்பின் அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

மூன்றாண்டு கழித்து எனக்கு மாற்றல் வந்தது. இழுப்பறையைக் காலி செய்யும்போது அவ்விதழ் கையில் அகப்பட்டது. குப்பையில் போடுமுன் புரட்டினேன். கார்புரேட்டர் டங் குழுவின் ஒலிநாடாவைப் பற்றி ஒரு விமர்சனம். ஒரு வெளியூர் நிகழ்ச்சிக்குப் பேருந்தில் போன கதை. அஞ்சல் முகவரிகள் சில. நடுப்பக்கத்தில் மலாய் மொழியில் ஒரு கட்டுரை. ஒரு ரப்பர்த் தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்காக விற்கப்பட்டதையும், லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டதையும், மாரியம்மன் கோவிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசிய இரவையும் எழுதியவன் விவரித்திருந்தான். பாட்டியின் பால்வாளியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகவும், அதைத் திரும்ப வாங்கத் தான் மிதிவண்டியில் கடைக்கு ஓடியதாகவும் ஒரு பத்தி இருந்தது. எழுதியவன் பெயர் புனைபெயர்தான். ஆனால், அது எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியும். அவ்வகுப்பில் அத்தோட்டத்திலிருந்து வந்தவன் ஒருவனே. வாளி கிடைத்ததா என்பது அடுத்த தாளில் இருந்திருக்க வேண்டும். அதைத்தான் நான் கிழித்தேன்.

அத்தீர்மானத்தை விரிவாக்கி அடுத்த கூட்டத்தில் மீண்டும் கொண்டுவரப் போவதாக அறிகின்றேன். இம்முறை எழுந்து பேசுவேன். எஞ்சிய அத்தாள்களைக் கொண்டு சென்று, அக்கட்டுரையை உள்ளவரையில் உரக்கப் படித்துக் காட்ட அவையினரிடம் பத்து நிமிடம் கேட்டிருக்கின்றேன்.